ஜெபத்தில் நம் பங்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கம் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், மேலே ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்புகளில் நடக்கும் ஜெபங்களிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் "அக்கா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் சி.எஸ்.ஐ. சபையாரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு, பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு.

என் நம்பிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார். அந்த வேலையில் நம்மைச் சேர்த்துக்கொள்ள அவரே விரும்பி வைத்த வழி ஜெபம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன.

ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே அக்கா, அப்புறம் நாம எதுக்குச் சொல்லணும்?

இயேசுவும் இதையேதான் சொன்னார். நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் (மத்தேயு 6:8). ஆனால் "ஆகவே ஜெபிக்க வேண்டாம்" என்று அவர் முடிக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். அவருக்குத் தெரியும் என்பதால்தான் நம்மால் தைரியமாகக் கேட்க முடிகிறது. எதையும் விட்டுவிடாமல் விளக்க வேண்டும், சரியான வார்த்தையில் சொல்ல வேண்டும் என்ற பாரம் நமக்கு இல்லை.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமாபுரி விதவைக்கு, வட ஆப்பிரிக்காவின் ஆயராக இருந்த அகுஸ்தீன் ஜெபத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் இந்தச் சந்தேகத்தையும் எடுத்துப் பேசுகிறார். நம் விருப்பத்தைத் தெரிந்துகொள்வதற்காக ஆண்டவர் கேட்கச் சொல்லவில்லை. அவர் கொடுக்க வைத்திருப்பது மிகப் பெரியது, அதை வாங்கிக்கொள்ள நம் உள்ளம் போதாது, கேட்கக் கேட்க அந்த உள்ளம் விரிகிறது என்பது அவர் பதில். எனக்கு இது முழுக்கச் சரியென்று படுகிறது.

சரி, நாம ஜெபிக்கலைன்னா அவர் செய்யமாட்டாரா?

பெரும்பாலானதை நாம் கேட்காமலேயே செய்கிறார். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் (மத்தேயு 5:45). இன்று காலை மூச்சு விடுவதற்கு நம்மில் யாரும் விண்ணப்பம் போடவில்லை. ஆனால் சில காரியங்களைக் கேட்கிறவர்கள் வழியாகவே கொடுப்பதென்று அவர் வைத்திருக்கிறார். "நீங்கள் விண்ணப்பம்பண்ணாமலிருக்கிறதினாலே, உங்களுக்குச் சித்திக்கிறதில்லை" என்று யாக்கோபு (4:2) எழுதியிருப்பதை மழுப்ப முடியாது.

எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. இடிந்த பட்டணங்களைத் திரும்பக் கட்டுவேன், சொன்னதைச் செய்வேன் என்கிறார் கர்த்தர். அடுத்த வசனத்திலேயே, இதைச் செய்யும்படி இஸ்ரவேலர் இன்னும் என்னிடத்தில் விண்ணப்பம்பண்ண வேண்டும் என்கிறார். தானியேலும் அப்படித்தான் புரிந்துகொண்டார். சிறையிருப்பு 70 வருஷம் என்று எரேமியாவின் புத்தகத்தில் படித்ததும் "சரி, அது தானாக முடியும்" என்று அவர் இருந்துவிடவில்லை. உபவாசமிருந்து, இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து ஜெபித்தார் (தானியேல் 9:2, 3). வாக்குத்தத்தம் அவருக்கு ஜெபத்தின் தொடக்கமாக இருந்தது.

அதற்காக, நான் ஒரு நாள் தூங்கிவிட்டால் ஆண்டவரின் வேலை நின்றுபோகும் என்று பயப்படவும் வேண்டாம். எஸ்தரிடம் மொர்தெகாய் சொன்னது நினைவிருக்கிறதா? நீ மவுனமாயிருந்தால் சகாயம் வேறொரு இடத்திலிருந்து எழும்பும் (எஸ்தர் 4:14). வேலை நடந்துவிடும். எஸ்தருக்குத்தான் அதில் பங்கு இல்லாமல் போயிருக்கும்.

'தேவனுக்கு உடன்வேலையாள்'னு சொல்றாங்களே, அது நம்மை அவருக்குச் சமமா வைக்கிற மாதிரி ஆகாதா?

ஆகாது. அந்த வார்த்தையைச் சொன்ன பவுலே அதற்கு முன்னால் கணக்கைத் தெளிவாக வைத்துவிட்டார்: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" (1 கொரிந்தியர் 3:6). நடுவதும் தண்ணீர் விடுவதும் உண்மையான வேலைதான். ஆனால் முளைக்க வைப்பது நம் கையில் இல்லை. லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827-ல். அன்று நட்டவர்கள் யாரும் இன்றைய சபைகளைக் கண்ணால் பார்க்கவில்லை.

லாசருவின் கல்லறையை நினைத்துப் பாருங்கள் (யோவான் 11). செத்தவனை எழுப்பத் தெரிந்தவருக்குக் கல்லைப் புரட்டத் தெரியாதா? இருந்தும் "கல்லை எடுத்துப்போடுங்கள்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். உயிரோடு வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கவும் அவர்களிடமே சொன்னார். நடுவில் நடந்தது அவரால் மட்டுமே முடிந்தது. கல்லைத் தள்ளியவர்கள், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "நாங்கள்தான் எழுப்பினோம்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். "நாங்கள் அங்கே ஒன்றுமே செய்யவில்லை" என்றும் சொல்லியிருக்க முடியாது. ஜெபிக்கிறவர் நிற்கிற இடம் அதுதான்.

உக்காந்தா வார்த்தையே வர மாட்டேங்குது. என்ன ஜெபிக்கிறது?

பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று உங்கள் வீட்டை அதில் வையுங்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று சொல்லிவிட்டு, எங்கள் சமையலறையில், என் மாமியாரோடு நான் பேசுகிற பேச்சில், என் வேலையிடத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். சங்கீதங்கள் 150 இருக்கின்றன. சந்தோஷம், பயம், கோபம், பழிவாங்க வேண்டும் என்ற எரிச்சல்கூட அதில் ஜெபமாக இருக்கிறது. உங்கள் நிலைக்கு ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

அதுவும் முடியாத நாட்கள் உண்டு. அப்போது ரோமர் 8:26-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்படி வேண்டிக்கொள்வதென்று நமக்குத் தெரியாததால் ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். சும்மா உட்கார்ந்து பெருமூச்சு விட்ட பத்து நிமிஷமும் கணக்கில் வரும்.

கொலுசுப் பட்டறையில காலையில உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கிறோம். ஒரு மணி நேரம் ஜெபிக்கச் சொன்னா எப்படி முடியும்?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வேலை செய்கிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள், குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் கீழே வையுங்கள். நெகேமியா, ராஜா கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் "பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று எழுதுகிறார் (2:4). ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்தது சில வினாடிகள்தான். மேலே சொன்ன அதே கடிதத்தில் அகுஸ்தீன், எகிப்தின் துறவிகள் மிகச் சிறிய ஜெபங்களை அடிக்கடி எய்து விடுவார்கள் என்றும், மனம் மங்குவதற்கு முன் முடித்துவிடுவார்கள் என்றும் எழுதுகிறார்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒரு தங்கை, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறாள். ஒரு வளைவு திரும்பும்போது ஒருவருக்காக ஒரு வரி. அவளுக்குத் தனி அறையும் இல்லை, தனி நேரமும் இல்லை. ஆனால் 20 பேர் அவளுடைய ஜெபத்தில் இருக்கிறார்கள். சலங்கை கோக்கும்போதும் இப்படிச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாளாவது தனியாக, அவசரமில்லாமல் உட்கார முடிந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வரி ஜெபங்களுக்கு அதுதான் வேர்.

வீட்டுக்காரருக்கு விசுவாசம் இல்லை. அவர் முன்னாடி எப்படி ஜெபிக்கிறது?

முன்னாடி ஜெபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதான் (மத்தேயு 6:6). ஒரே அறை உள்ள வீடாக இருந்தால் அடுப்பு முன்னால் வாய் திறக்காமல் ஜெபியுங்கள். அவருக்காக ஜெபிப்பது அவருக்குக் கேட்கும்படி இருக்கவேண்டாம். அது ஜாடை பேசுவதாகிவிடும்.

ஒருதடவை கேட்டா போதும், மறுபடி கேட்டா அவிசுவாசம்னு ஒருத்தர் சொன்னாரே? நாங்க ஜெபமாலை சொல்றவங்க, அதையும் வீண்வார்த்தைங்கிறாங்க.

கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). அதை அவிசுவாசம் என்று யாராவது சொல்வார்களா? சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காகவே விதவையும் நியாயாதிபதியும் வருகிற உவமையை அவர் சொன்னார் (லூக்கா 18:1). 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன.

இயேசு தடுத்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்ற எண்ணத்தை (மத்தேயு 6:7). எண்ணிக்கை கூடினால் பலன் கூடும் என்று நினைத்தால் ஜெபமாலையும் வீண்தான், விடியவிடிய சத்தமாகச் செய்கிற ஜெபமும் வீண்தான். அன்போடும் கவனத்தோடும் திரும்பச் சொன்னால் இரண்டும் வீணில்லை.

மழைக்கு ஜெபம் பண்ணிட்டு ஸ்பிரிங்க்ளரும் போட்டா அது அவிசுவாசமா?

இது ஏற்காட்டுக் கேள்வி. வெளியூரில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். காப்பிச் செடியில் மொட்டு கட்டி அப்படியே உறங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் மலையே வெள்ளையாகப் பூக்கும். அந்த மழை தவறினாலும், பூத்தபின் அடுத்த மழை தள்ளிப்போனாலும் அந்த வருஷ மகசூல் அடிபடும். தண்ணீர் வசதி உள்ள எஸ்டேட்டில் ஸ்பிரிங்க்ளர் வைத்து அந்த மழையை ஈடுகட்டுவார்கள். சிறு விவசாயி வானத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் இங்கே மழை ஜெபம் சடங்குக்காக நடப்பதில்லை, உயிரைக் கொடுத்து நடக்கிறது.

எலியாவைப் பாருங்கள். மழையைக் கட்டளையிடுவேன் என்று கர்த்தர் முன்பே சொல்லிவிட்டார் (1 இராஜாக்கள் 18:1). இருந்தும் எலியா கர்மேலின் உச்சியில் முகம் முழங்காலில் படக் குனிந்து ஜெபித்தார். ஏழு தரம் வேலைக்காரனை அனுப்பிக் கடல் பக்கம் பார்க்கச் சொன்னார். ஏழாந்தரம் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்ததும், மழை பிடிப்பதற்குள் இரதத்தைப் பூட்டும்படி ஆகாபுக்குச் சொல்லியனுப்பினார். வாக்குத்தத்தம், ஜெபம், கண் வைத்துப் பார்ப்பது, உடனே அடுத்த வேலை என்று எல்லாம் ஒரே மனிதரிடம் இருந்தன. எருசலேம் அலங்கத்தைக் கட்டியவர்களும் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). அந்த வசனத்தில் ஜெபத்துக்கும் காவலுக்கும் சண்டை இல்லை.

ஆகவே ஸ்பிரிங்க்ளரைப் போடுங்கள். கிணற்றில் தண்ணீர் இருப்பதும் மோட்டார் ஓடுவதும் அவர் கொடுத்ததுதான். எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. ஸ்பிரிங்க்ளர் வந்த பிறகு சில வீடுகளில் மழை ஜெபம் நின்றுவிட்டது. தன் தோட்டம் நனைந்ததும், வானத்தை மட்டும் நம்பியிருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்காகக் கேட்பதும் நின்றுவிடக் கூடாது.

மருந்து சாப்பிட்டா விசுவாசம் குறைஞ்சிடுமா?

குறையாது. மழைக்குச் சொன்ன பதிலேதான் இதற்கும். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், உன்னைக் குணமாக்குவேன் என்று கர்த்தரும் சொன்னார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள் (2 இராஜாக்கள் 20:5-7). பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலினையோ, காசநோய் மாத்திரையையோ, வலிப்பு மாத்திரையையோ, மனநல மாத்திரையையோ "விசுவாசத்தினால்" நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரலாம், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். ஆண்டவர் குணமாக்கியிருந்தால் அது பரிசோதனையிலும் தெரியும். மருத்துவரே நிறுத்தச் சொல்லட்டும்.

ஜெபிச்சுட்டேன். போதும்ல? நான் வேற எதுவும் செய்யணுமா?

அறுப்புக்கு வேலையாட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீஷர்களிடம் சொன்னார் (மத்தேயு 9:38). அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். அனுப்பப்பட்டவர்கள் அதே சீஷர்கள்தான். நாம் கேட்கிற காரியத்துக்குப் பதில் பல சமயம் நம் கையையே வந்து பிடிக்கும். பசியாக இருக்கிறவர்களுக்காக ஜெபித்தால் சோற்றுப் பானையைப் பார்க்கத் தோன்றும், தோன்ற வேண்டும். கொடுக்க வைத்துக்கொண்டே "சமாதானத்தோடே போங்கள்" என்று மட்டும் சொல்வதை யாக்கோபு (2:15, 16) கடுமையாகக் கேட்கிறார்.

செங்கடல் முன்னால் நின்ற மோசேயிடம் கர்த்தர், நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன, ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்றார் (யாத்திராகமம் 14:15). செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்த பிறகும் "இன்னும் ஜெபித்துப் பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. வாங்கிய கடனைத் திருப்புவதா, தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதா என்பதற்கெல்லாம் இரண்டு வாரம் ஜெபிக்கத் தேவையில்லை.

உபவாசம் இருந்தா சீக்கிரம் கிடைக்குமா? டிவியில வர்றவங்களுக்குக் காணிக்கை அனுப்பினா?

உபவாசம் நம்மைத் தாழ்த்தும், மனதை ஒருமுகப்படுத்தும். ஆண்டவரை நெருக்கிப் பணிய வைக்கிற பட்டினிப் போராட்டமாக அதை ஆக்காதீர்கள். அவர் விரும்பும் உபவாசம் எது என்பதை ஏசாயா 58:6, 7-ல் படித்துப் பாருங்கள். பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது அதில் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம்.

காணிக்கை அனுப்பினால் ஜெபம் முன்வரிசைக்குப் போகும் என்பது பொய். தேவனுடைய வரத்தைப் பணத்தினால் சம்பாதிக்க நினைத்த சீமோனிடம் பேதுரு பேசிய பேச்சு அப்போஸ்தலர் 8:20-ல் இருக்கிறது. ஊழியத்தைத் தாங்க மனதிருந்தால் கொடுங்கள். அதை ஜெபத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள்.

'உமது சித்தப்படி ஆகட்டும்'னு முடிக்கிறது, கிடைக்கலைன்னா தப்பிச்சுக்கிறதுக்குத்தானே?

அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கலாம். ஆனால் இந்த வார்த்தையை நமக்குக் கொடுத்தவர் வியர்வை இரத்தமாய் விழ அதைச் சொன்னார் (லூக்கா 22:42-44). அவர் முதலில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி" என்று தனக்கு வேண்டியதை ஒளிக்காமல் கேட்டார். அதற்குப் பிறகுதான் "உம்முடைய சித்தத்தின்படியே". நம்மில் பலர் முதல் பாதியைச் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டாவது பாதியை மட்டும் சொல்கிறோம். அது மரியாதைபோலத் தெரியும். உண்மையில் ஏமாற்றத்துக்குப் பயந்து கேட்காமல் இருப்பதுதான் அது. கேளுங்கள், வெளிப்படையாகக் கேளுங்கள். அப்புறம் அவரிடம் விட்டுவிடுங்கள்.

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17, 18). "விடுவிக்காமற்போனாலும்" என்பது அவிசுவாச வார்த்தை என்றால் அவர்கள் அக்கினிச் சூளைக்குள் போயிருக்க முடியாது.

அப்போ ஜெபம் ஆண்டவரோட மனசை மாத்துமா, மாத்தாதா?

வேதத்தில் இரண்டு மாதிரியும் இருக்கிறது. மனம்மாற அவர் மனுபுத்திரன் அல்ல என்று எண்ணாகமம் 23:19 சொல்கிறது. நினிவே மக்கள் திரும்பியபோது செய்வேன் என்ற தீங்கை அவர் செய்யவில்லை என்று யோனா 3:10 சொல்கிறது. எரேமியா 18:7, 8 இரண்டையும் இணைக்கிறது: அழிப்பேன் என்று அவர் சொன்ன ஜாதி தீமையை விட்டுத் திரும்பினால் அவரும் அந்தத் தீங்கைச் செய்யாமல் விடுவார். அவர் குணம் மாறவில்லை. திரும்பினவர்களுக்கு இரங்குவதுதான் அவருடைய மாறாத குணம். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினா இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். என்ன நடக்க வேண்டும் என்பதோடு, எதன் வழியாக நடக்க வேண்டும் என்பதையும் தேவன் ஏற்பாடு செய்கிறார். அந்த வழிகளில் ஜெபமும் ஒன்று என்றார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் யாத்திராகமம் 32. பொன் கன்றுக்குட்டியைக் கண்ட கர்த்தர், இவர்களை அழித்துப்போட "நீ என்னை விட்டுவிடு" என்று மோசேயிடம் சொல்கிறார். அழிக்க முடிவே செய்திருந்தால் மோசேயின் அனுமதி எதற்கு? அந்த வார்த்தையிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. மோசே அதைப் புரிந்துகொண்டு திறப்பிலே, அதாவது ஜனங்களுக்காகப் பரிந்து பேசும் இடத்திலே, நின்றார். பிற்காலத்தில், அப்படித் திறப்பிலே நிற்க ஒருவனைத் தேடினேன், ஒருவனையும் காணேன் என்று கர்த்தர் எசேக்கியேலிடம் (22:30) சொல்கிறார். தன்னைத் தடுக்க ஒருவர் வரமாட்டாரா என்று தேடுகிற தேவன் அவர். முன்னறிவையும் மனித சுயாதீனத்தையும் எப்படிப் பொருத்துவது என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது தீரும்வரை ஜெபிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாலு வருஷமா அழுது ஜெபிச்சும் என் பையன் குடியை விடலை. என் ஜெபத்துல என்ன குறை?

அம்மா, குறை உங்கள் ஜெபத்தில் என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் ஜெபிப்பது கல்லுக்காக இல்லை, மனம் உள்ள ஒருவனுக்காக. ஆண்டவர் அவன் கதவைத் தட்டுவார், உடைத்துக்கொண்டு உள்ளே போகமாட்டார். அகுஸ்தீனின் தாய் மோனிக்கா மகனுக்காகப் பல வருஷம் அழுதார். மகன் ரோமுக்குப் போகக் கூடாது என்று கடற்கரைக் கோவிலில் ஓர் இரவு முழுக்க ஜெபித்தார். மகன் பொய் சொல்லிவிட்டு அதே இரவில் கப்பலேறிவிட்டார். ஆனால் போன இத்தாலியில்தான் அவர் மனம் திரும்பி, 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அன்றிரவு அம்மா கேட்டதை மறுத்தது, அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகத்தான் என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதினார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஒரு ஜெபம் மறுக்கப்பட்டதை வைத்து எல்லாம் முடிந்தது என்று கணக்குப் போட முடியாது என்றே சொல்கிறேன்.

குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். பல வருஷம் குடித்தவரை அறைக்குள் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் குடிக்கப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். அடித்தால் தாங்கிக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல உரிமை இல்லை, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள், வேறு வீட்டுக்குப் போங்கள். அவனுக்காக ஜெபிப்பதை அங்கே இருந்தும் செய்யலாம். மோசேயின் கைகள் சோர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). உங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும். தனியாகச் சுமக்காதீர்கள்.

எங்கம்மா பிழைக்கணும்னு சபையே ஜெபிச்சது. பிழைக்கலை. அப்போ அந்த ஜெபமெல்லாம் என்னாச்சு?

விசுவாசம் போதவில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை இன்றே தூக்கிப்போடுங்கள். பவுல் மூன்றுதரம் கேட்டும் அவர் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய வேதனை போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8, 9). திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் அத்தனை பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்தார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அந்த வளாகத்தில் ஜெபத்துக்கா குறைச்சல்?

எபிரெயர் 5:7 எனக்குப் புரியவே பல காலம் ஆன வசனம். மரணத்தினின்று தம்மை இரட்சிக்க வல்லவரை நோக்கி இயேசு பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்தார், கேட்கப்பட்டார் என்று அது சொல்கிறது. கேட்கப்பட்டார், ஆனாலும் சிலுவையில் மரித்தார். அவருக்குக் கிடைத்த பதில் மரணத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. உங்கள் அம்மாவுக்காக ஏறெடுத்த ஜெபங்களும் தரையில் விழுந்துவிடவில்லை என்றே நம்புகிறேன்.

ஏன் உங்கள் அம்மா, ஏன் இப்போது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான் மழை வேணும்னு ஜெபிக்கிறேன். பக்கத்துல இன்னொரு விசுவாசி மழை வேண்டாம்னு ஜெபிக்கிறார். ஆண்டவர் யார் ஜெபத்தைக் கேட்பார்?

இதுவும் மலையிலிருந்து வந்ததுதான். ஜனவரியில் பறித்த காப்பி களத்தில் காயும்போது ஒருவருக்கு வெயில் வேண்டும். காய்கறி போட்டவருக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரும் உண்மையாகவே கேட்கிறார்கள், இரண்டு பேருமே பிள்ளைகள். ஆண்டவர் ஓட்டு எண்ணுவதில்லை. அதிக நேரம் ஜெபித்தவருக்கு மேகத்தைத் திருப்பிவிடுவதும் இல்லை. நம் விருப்பத்தை அவரிடம் வைக்கிறோம். மலை முழுவதையும் பார்த்து முடிவு செய்வது அவர் வேலை. "உமது சித்தப்படி" என்பது வெறும் முடிவு வார்த்தையாக இல்லாமல் உண்மையில் தேவைப்படுகிற இடம் இது.

இப்படிக் கேட்டவரிடம் நான் சொன்னது, இருவரும் ஒருநாள் சேர்ந்து ஜெபியுங்கள், ஒருவர் தேவையை மற்றவர் சொல்லி ஜெபியுங்கள் என்பதுதான். மழை வந்தால் காய்கறிக்காரர் பக்கத்துக் களத்துக்குத் தார்ப்பாயோடு ஓடலாம். வெயில் அடித்தால் காப்பிக்காரர் தன் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் திறந்துவிடலாம்.